விபத்து இழப்பீட்டில் மிஞ்சிய பணம் யாருக்குச் சொந்தம்?

கார் விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகையில் செலவு போக மீதம் இருப்பதை என்ன செய்வது என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பணம் போதவில்லை என்று வரும் கடிதங்களே வழக்கத்தில் அதிகம் என்பதால், மிஞ்சியதைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி (வாசகர், ஈரோடு): எங்கள் காருக்கு நான்கரை வயதாகிறது, கடன் பாக்கி எதுவும் இல்லை. சில மாதங்களுக்கு முன், முன்னால் சென்ற லாரி சட்டென்று நின்றதால் அதன் பின்புறத்தில் மோதிவிட்டோம். பானட், பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் சேதமடைந்தன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட நேரமில்லாததால், சர்வேயரின் யோசனைப்படி ‘கேஷ் லாஸ்’ முறைக்கு ஒப்புக்கொண்டேன். 70,000 ரூபாய் கணக்கில் வரவானது. எங்களுக்குப் பழக்கமான பட்டறையில் 48,000 ரூபாயில் வேலை முடிந்துவிட்டது. மீதி 22,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறான் என் மகன். இல்லாவிட்டால் அடுத்த முறை கிளெய்ம் கேட்கும்போது சிக்கலாகும் என்றும் பயமுறுத்துகிறான். அவன் சொல்வது சரியா?

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த கிளெய்ம் பற்றி உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

காரின் சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு இரண்டு விதமாகத் தீர்க்கப்படுகிறது. வண்டியைப் பழுது பார்த்து, அதற்கான பில்லைக் காட்டி, அந்தப் பில்லில் பாலிசிப்படி ஏற்கத்தக்க பகுதியைப் பெறுவது வழக்கமான முறை. கேஷ்லெஸ் வசதியில் அதே தொகை நேராகப் பட்டறைக்குப் போகிறது. இந்த முறையில் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் பில்லுக்கு மேல் ஒரு ரூபாயும் வராது. நீங்கள் தேர்ந்தெடுத்தது மற்ற முறை. அதில் சர்வேயர் சேதத்தை மதிப்பிட்டு, பில் இல்லாததால் ஜி.எஸ்.டி. போன்றவற்றை விலக்கி, மதிப்பீட்டைவிடக் குறைவான ஒரு தொகையை நிறுவனம் முன்வைக்கிறது. நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் கணக்கு முடிந்தது. அந்தப் பணம் நேர்ந்த சேதத்துக்கு ஈடாகத் தரப்படுவது. பழுது பார்க்க எவ்வளவு செலவாயிற்று என்பதோடு அது கட்டப்பட்டதல்ல. வண்டியைப் பழுதே பார்க்காமல் அப்படியே ஓட்டினாலும் பணம் உங்களுடையதுதான். இருந்தாலும், தீர்வுக் கடிதத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். ‘கேஷ் லாஸ் அடிப்படையில்’ என்று இருந்தால் நான் சொன்னது அப்படியே பொருந்தும். ‘பழுதுச் செலவுக்கான இறுதி பில் சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்று இருந்தால், பட்டறை பில்லை உள்ளது உள்ளபடி அனுப்பி, வித்தியாசத்தை என்ன செய்வது என்று எழுத்தில் கேட்டுவிடுவதே முறை.

அந்த 22,000 ரூபாய் எங்கிருந்து மிஞ்சியது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான்கு முதல் ஐந்து வயதுள்ள வண்டிக்கு உலோகப் பாகங்களில் 35 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் வயது எதுவானாலும் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படுகின்றன. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. ஒரு கணக்குக்காக, புது பானட் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சர்வேயர் 10,400 ரூபாய் அனுமதித்திருப்பார். 14,000 ரூபாய் பம்பருக்கு 7,000 ரூபாய்தான். 1,500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்குக் கட்டாயப் பிடித்தம் (ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 ரூபாய் வேறு உண்டு. இத்தனையும் கழித்த பிறகும் பணம் மிஞ்சியிருக்கிறது என்றால், உங்கள் பட்டறைக்காரர் பானட்டை மாற்றாமல் டிங்கரிங் செய்து நிமிர்த்தியிருக்கிறார், ஹெட்லைட்டில் ஒன்றையாவது பழைய பாகமாகப் போட்டிருக்கிறார், ரேடியேட்டரை ஒட்டவைத்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நம் ஊர் டிங்கர்களின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடுபவனும் அல்ல. ஆனால் புதுப் பாகத்துக்காக மதிப்பிடப்பட்ட பணத்தில் பழைய பாகத்தைச் சரிசெய்திருக்கிறீர்கள் என்றால், மிஞ்சிய பணத்தின் ஒரு பகுதி இன்னும் அந்த வண்டிக்கே கடன்பட்டிருக்கிறது.

ஆகவே இதில் ஒரு பெரிய பங்கை ஆறு மாதமாவது தொடாமல் வையுங்கள். முன்பக்கம் மோதிய வண்டிகளில் குளிர்விப்பு அமைப்பின் கசிவு, ஏ.சி. கண்டென்சரில் வாயு இறங்குவது, சக்கரங்களின் கோணம் மாறி டயர் ஒரு பக்கமாகத் தேய்வது போன்றவை உடனே தெரிவதில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் வெளிப்படும். பில் முறையில் என்றால், பிரித்துப் பார்க்கும்போது தெரியவரும் கூடுதல் சேதத்துக்குச் சர்வேயரை மறுபடி அழைத்து அனுமதி கேட்டிருக்கலாம். கேஷ் லாஸில் அந்தக் கதவு மூடிவிட்டது. வீல் அலைன்மென்ட்டையும், முன்பக்கச் சட்டம் நேராக இருக்கிறதா என்ற சோதனையையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். காற்றுப்பை விரியவில்லை என்றால் அதன் சென்சார்கள் சரியாக இருக்கின்றனவா என்பதையும் ஒரு ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் பார்த்துவிடுவது நல்லது. இதற்கு மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் தவறில்லை.

இப்போது உங்கள் மகன் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். சர்வேயர் எடுத்த படங்களும் சேதப் பட்டியலும் நிறுவனத்திடம் இருக்கின்றன. நாளைக்கு மறுபடி முன்பக்கம் அடிபட்டால், போன முறை பணம் கொடுத்த பாகம் உண்மையில் மாற்றப்பட்டதா, சரிசெய்யப்பட்டதா என்று கேட்பார்கள். பழைய சேதம் அப்படியே இருந்தால் அந்தப் பாகத்துக்கு மறுபடி பணம் கிடைக்காது. எனவே பட்டறையில் கையால் எழுதிய பில்லாவது வாங்கி, வேலை முடிந்த நிலையில் நாலு பக்கமும் படம் எடுத்து, பாலிசியோடு சேர்த்து வையுங்கள். முடிந்தால் அந்தப் படங்களை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, சேதம் சரிசெய்யப்பட்டுவிட்டது என்று தெரிவித்துவிடுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதைவிட உங்கள் மகனின் கவலைக்கு இதுவே மருந்து.

மிச்சக் கணக்கில் நீங்கள் சேர்க்காத ஒன்றும் உண்டு. நான்கு ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால், உங்களுக்கு நடப்பு பாலிசியில் 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருந்திருக்கும்; அடுத்த புதுப்பித்தலில் அது 50 சதவீதமாகியிருக்கும். இப்போது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்: ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20, பிறகு 25, 35, 45 என்று ஏறும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் 4,500, அடுத்தடுத்த ஆண்டுகளில் 2,700, 2,250, 1,350, 450 என்று மொத்தம் 11,250 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் 22,000 ரூபாயில் ஏறக்குறைய பாதி அங்கே போய்விடுகிறது. இந்த இழப்பைத் தவிர்க்க வேறு நிறுவனத்துக்கு மாறி, கிளெய்மே வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் இதைச் சரிபார்த்துக்கொள்கின்றன. பொய் என்று தெரிந்தால் நாளைய கிளெய்ம் முழுவதுமே கேள்விக்குள்ளாகும்.

கேள்வி (வாசகர், மதுரை): கேஷ்லெஸ் முறையில் வண்டியை விட்டிருக்கிறேன். அனுமதிக்கப்பட்ட தொகையைவிடக் குறைவாகவே வேலை ஆகும் என்றும், மீதியில் பின்பக்கக் கதவில் இருந்த பழைய கீறலைப் பெயின்ட் அடித்துத் தந்து, இன்னும் மிஞ்சுவதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் பட்டறை மேலாளர் சொல்கிறார். எல்லோரும் செய்வதுதானாமே?

பதில்: செய்யாதீர்கள். முந்தைய கேள்வியில் மிஞ்சிய பணம் வெளிப்படையான ஒப்பந்தத்தில் வந்தது. இங்கே மிஞ்சுவதாகச் சொல்லப்படுவது செய்யாத வேலைக்கும் போடாத பாகத்துக்கும் எழுதப்படும் பில். அதில் கையெழுத்துப் போடுபவர் மேலாளர் அல்ல, நீங்கள். வேலை முடிந்த பிறகு சர்வேயர் மறு ஆய்வுக்கு வந்து, மாற்றப்பட்டதாகச் சொன்ன பழைய பாகங்களைக் காட்டச் சொல்ல முடியும். அப்போது பொய் தெரிந்தால் இந்த விபத்தில் உண்மையாகவே நேர்ந்த சேதத்துக்கான பணத்தையும் சேர்த்து இழப்பீர்கள். பழைய கீறலுக்குத் தனியாகப் பில் போடச் சொல்லி, உங்கள் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி (வாசகி, திருச்சி): என் பெயரில் உள்ள கார் பெரம்பலூர் அருகே பேருந்து மோதி முற்றிலும் சேதமடைந்தது; நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. ஐ.டி.வி. (பாலிசியில் குறித்திருக்கும் வண்டியின் மதிப்பு) 6,20,000 ரூபாய். பழுது பார்க்க 5,40,000 ரூபாய் ஆகும் என்பதால் முழு இழப்பு என்று முடிவு செய்தார்கள். உடைந்த வண்டிக்கு நிறுவனம் ஏற்பாடு செய்த வியாபாரி 1,40,000 ரூபாயை என் கணக்கில் போட்டுவிட்டார். மீதி 4,79,000 ரூபாயைக் காப்பீட்டு நிறுவனம் நேராக வங்கிக்கு அனுப்பியது. கார் கடனில் பாக்கி 3,52,000 ரூபாய்தான். மிஞ்சிய பணத்தைக் கேட்கப் போனால், 22,000 ரூபாயை முன்கூட்டி முடித்ததற்கான கட்டணம் என்றும், 1,05,000 ரூபாயை என் கணவரின் தொழில் கடனில் வரவு வைத்துவிட்டோம் என்றும் சொல்கிறார்கள். என் மைத்துனர், வங்கியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்கிறார். இதற்கிடையே வண்டியை எடுத்துச் சென்ற வியாபாரி, ஆர்.சி. புத்தகத்தோடு வெற்றுப் படிவங்களில் கையெழுத்தும் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. வங்கி எடுத்த பணத்தைவிட வியாபாரி கேட்கும் கையெழுத்துதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

காப்பீட்டு நிறுவனம் பணத்தை வங்கிக்கு அனுப்பியதில் தவறில்லை. கடன் அடமானத்தில் உள்ள வண்டியின் பாலிசியில் அதற்கென்றே ஓர் ஒப்பந்தப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கும்: பழுது பார்ப்பதாலோ மாற்றித் தருவதாலோ ஈடுசெய்யப்படாத இழப்புக்கான பணம், அடமானம் நீடிக்கும் வரை கடன் கொடுத்தவருக்கே போகும் என்பது அதன் சாரம். முழு இழப்பு மட்டுமல்ல, பணமாகத் தீர்க்கும் கேஷ் லாஸும் இதற்குள் வரும். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதுவது வழக்கம். உங்களுடையதில் அந்த வரம்பு 4,65,000 ரூபாய், எனவே முடிவும் சரி. கட்டாயப் பிடித்தமான 1,000 ரூபாயும் கழிந்து 6,19,000 ரூபாய் என்ற கூட்டுத்தொகையும் பொருந்துகிறது.

ஆனால் வங்கி வாங்கியது தன் கடனுக்கு ஈடாகத்தான். கடன் தீர்ந்த நொடியில் மீதம் உங்களுடையதாகிவிடுகிறது; வங்கி அதை உங்களுக்காக வைத்திருக்கிறது, அவ்வளவே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு வங்கிகளுக்குப் பொதுப் பற்றுரிமை தருகிறது என்பதை அவர்கள் காட்டக்கூடும். அந்த உரிமை, ஒருவருடைய பணத்தை அதே நபர், அதே தகுதியில் பட்ட கடனுக்காகப் பிடித்துவைக்கும் உரிமை. கார் உங்கள் பெயரில், கடன் உங்கள் பெயரில், தொழில் கடன் உங்கள் கணவர் பெயரில் என்றால், கணவன் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பணத்தை மற்றவர் கடனில் வரவு வைக்க முடியாது. இதில் ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள்: கணவரின் தொழில் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்தோ இணைக் கடன்தாரர் கையெழுத்தோ போட்டிருந்தால் வங்கியின் வாதத்துக்கு வலு கூடும். கடன் வாங்கிய நாளில் மேலாளர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பது நம் வீடுகளில் சாதாரணம் என்பதால், கணவரின் கடன் ஆவணங்களின் நகலை முதலில் வாங்கிப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் கிளை மேலாளருக்கு எழுத்தில் மூன்றைக் கேளுங்கள். காப்பீட்டுப் பணம் வரவான தேதியில் கடன் பாக்கி எவ்வளவு என்ற முடிப்புக் கணக்கு ஒன்று. 22,000 ரூபாய் கட்டணம் கடன் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்ற விளக்கம் இரண்டாவது. விபத்தில் வண்டி அழிந்து காப்பீட்டுப் பணத்தால் கடன் முடிவதை, கடன்தாரர் தாமாக முன்வந்து முடிப்பதாகக் கருத அந்தப் பிரிவு இடம் தருகிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். 1,05,000 ரூபாயை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வேறொருவர் கணக்குக்கு மாற்றியதை ரத்து செய்து திருப்பித் தர வேண்டும் என்பது மூன்றாவது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழிகாட்ட 14448 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. இதை மல்லுக்கு நிற்பது என்று சொல்ல மாட்டேன். கடிதம் போன பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்கு ஒரு கேள்வி வந்தாலே பல விவகாரங்கள் முடிந்துவிடுகின்றன.

விபத்துக்கும் பணம் வந்ததற்கும் இடைப்பட்ட மாதங்களில் நீங்கள் தவணை கட்டியிருந்தால், அவை முடிப்புக் கணக்கில் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஓடாத வண்டிக்கு எதற்குத் தவணை என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அபராத வட்டி ஏறி, சிபில் மதிப்பெண்ணும் இறங்குகிறது. காப்பீட்டுப் பணம் வங்கிக்கு வந்து சேரும் வரை தவணையைத் தொடர்ந்து கட்டுவதே சரி. கடன் முடிந்த பிறகும் தானியங்கித் தவணைப் பிடித்தம் ஒருமுறை ஓடிவிடுவது உண்டு. அந்த அனுமதியை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனி வியாபாரி விஷயம். அவர் கொடுத்த 1,40,000 ரூபாய் உங்கள் இழப்பீட்டின் ஒரு பகுதிதான். அதில் எவருக்கும் பங்கில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக அவருக்குச் சேர வேண்டியது உடைந்த வண்டி. தேதியும் பெயரும் எழுதாத படிவங்களில் உங்கள் கையெழுத்தை அவர் கேட்பதற்கான காரணம், அந்த வண்டியையோ அதன் ஆர்.சி.யையோ இன்னும் பெயர் தெரியாத ஒருவருக்கு விற்கப்போகிறார் என்பதுதான். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது. உங்கள் வண்டி ஏதோ ஒரு பட்டறையில் ஒட்டவைக்கப்பட்டு, காப்பீடு இல்லாமல் சாலைக்கு வந்து யார்மீதாவது மோதினால், நோட்டீஸ் திருச்சிக்குத்தான் வரும். அப்போது உங்களிடம் கேட்கப்படும் தொகைக்கு முன் இந்த 1,40,000 ரூபாய் ஒன்றுமே இல்லை. முழு இழப்பு வண்டியின் ஆர்.சி.யைத் திருட்டு வண்டிக்குப் பொருத்தி விற்கும் கூட்டங்களும் இருக்கின்றன.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாததாகிவிட்டாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள், அல்லது கூடிய விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட 35-ஆம் படிவமும் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கி, பதிவையே ரத்து செய்துவிடுங்கள். ரத்தான உத்தரவின் நகலை வியாபாரிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் தீர்வு ஆர்.சி.யோடு சேர்த்து விற்பதாக அமைந்திருந்து, வியாபாரி வண்டியைச் சரிசெய்து ஓட்டப்போவதாகச் சொன்னால், 29, 30-ஆம் படிவங்களில் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் முழுமையாக எழுதி, அவரோடு சேர்ந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டே ஆர்.சி.யை விடுங்கள். அவர் அவசரப்படுத்தினால் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் அதிகாரியை நடுவில் வைத்துப் பேசுங்கள். வியாபாரியை அழைத்து வந்தவர்கள் அவர்கள்தானே.

கேள்வி (வாசகர், நாமக்கல்): இரண்டு சக்கர வாகனத்தில் சென்ற என் அப்பா, கார் மோதி இறந்துவிட்டார். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய இழப்பீட்டில் அம்மாவின் பங்காக 9 லட்சம் ரூபாய். அதில் 3 லட்சத்தை எடுக்க அனுமதித்து, மீதி 6 லட்சத்தை மூன்று வருடத்துக்கு வங்கியில் வைப்பாக வைத்துவிட்டார்கள். 16 வயதான என் தங்கையின் பங்கு அவள் 18 வயதை எட்டும் வரை வைப்பில் இருக்கும். அப்பா சிகிச்சையில் இருந்தபோது வாங்கிய கைக்கடன் 3 வட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மீதிப் பணத்தை உடனே எடுத்துத் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள் என்கிறார் நீதிமன்ற வளாகத்தில் அறிமுகமான ஒருவர். வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, அதற்குப் பத்து சதவீதம் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

இழப்பீட்டை வைப்பில் பூட்டிவைப்பது உங்கள் குடும்பத்தின்மீதான சந்தேகத்தால் அல்ல. மொத்தமாகக் கைக்கு வரும் பணம் உறவினர்களாலும் தரகர்களாலும் சில மாதங்களில் கரைந்துபோவதைப் பார்த்துத்தான், சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழிகாட்டுதல்களை வகுத்தது. சிறுவர்களின் பங்கு அவர்கள் வயது வரும் வரை நீண்ட கால வைப்பில் இருக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் வங்கி அதன்மீது கடனோ முன்பணமோ தரக்கூடாது. வட்டியை மட்டும் மாதந்தோறும் உரியவருக்கோ காப்பாளருக்கோ நேராகக் கொடுக்கலாம். அதே வழிகாட்டுதல்கள் அவசரத் தேவைக்கு மனுச் செய்து பணம் எடுக்கவும் இடம் தருகின்றன. 2012-இல் ஏ.வி. பத்மா வழக்கில், தீர்ப்பாயங்கள் இதை இயந்திரம்போல எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருத்தக்கூடாது, மனுதாரரின் படிப்பையும் சூழலையும் தேவையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, படித்த குடும்பம் ஒன்றின் தொகையை உச்ச நீதிமன்றம் விடுவிக்க உத்தரவிட்டது.

உங்கள் வழக்கை நடத்திய வழக்கறிஞர் மூலமாக, அதே தீர்ப்பாயத்தில் அம்மாவின் பெயரில் முன்கூட்டி எடுக்க அனுமதி கோரும் மனுவைப் போடுங்கள். ‘குடும்பத் தேவைக்காக’ என்று பொதுவாக எழுதினால் தள்ளுபடி ஆகலாம். மருத்துவமனை பில்கள், கடன் கொடுத்தவரின் கடிதம் அல்லது பிராமிசரி நோட்டின் நகல், இதுவரை கட்டிய வட்டியின் கணக்கு ஆகியவற்றை இணைத்து, கடனை அடைக்கத் தேவையான தொகையை மட்டும் கேளுங்கள். 3 வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். வழக்கமான வங்கி வைப்பு எதுவும் அதில் கால் பங்குகூடத் தருவதில்லை. இந்த ஒப்பீட்டை மனுவிலேயே எழுதுவது பயன் தரும். நீதிபதி அம்மாவை நேரில் விசாரித்தால் அவரே பதில் சொல்லட்டும்; மகன் முந்திக்கொண்டு பேசினால், பணம் யாருக்காகக் கேட்கப்படுகிறது என்ற ஐயம் எழும்.

தங்கையின் பணத்தை இந்தக் கடனுக்காகக் கேட்காதீர்கள். அது அவளுடைய சொத்து. அம்மா அதற்குக் காப்பாளர் மட்டுமே. அவளுடைய கல்லூரிச் சேர்க்கையின்போது கட்டண ரசீதோடு தனி மனுவாகக் கேட்டால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். அவளுக்கு 18 வயது நிறைந்ததும், வயதுச் சான்றோடு அவள் பெயரிலேயே மனுச் செய்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் பான் கார்டும், அவள் பெயரில் மட்டும் உள்ள சேமிப்புக் கணக்கும் தயாராக இருக்கட்டும்.

கடன் போக அம்மாவிடம் மிஞ்சுவதை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள வைப்புகளுக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. பொதுத்துறை வங்கியில் இருக்கும் வரை இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அரை சதவீத வட்டி அதிகம் என்று சிறிய வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்ற யாராவது சொன்னால், அந்த வரம்பை நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள். ஏலச் சீட்டு, நகைக்கடைத் திட்டம், தெரிந்தவரின் தொழிலில் பங்கு ஆகிய மூன்றுக்கும் இந்தப் பணம் போகக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): முழு இழப்புத் தொகையில் கடன் போக 1,80,000 ரூபாய் மிஞ்சியது. இதற்கு வருமான வரி உண்டா? வைப்பில் போட்டால் என்ன ஆகும்?

பதில்: சொந்தப் பயன்பாட்டுக்கான கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து அல்ல, தனிப்பட்ட உடைமை. அதன் அழிவுக்கு ஈடாக வந்த பணம் வருமானமாகாது, வரியும் இல்லை. வங்கி வரவைப் பற்றி என்றாவது கேட்கப்பட்டால் காட்ட, தீர்வுக் கடிதத்தையும் வங்கியின் முடிப்புக் கணக்கையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும். அதை வைப்பில் போட்டுப் பெறும் வட்டி மட்டும் மற்ற வட்டிகளைப் போலவே உங்கள் வருமானத்தில் சேரும். நீங்கள் தொழில் செய்பவராக இருந்து, அந்தக் காரைத் தொழில் சொத்தாகக் காட்டி ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து வந்திருந்தால் கணக்கு வேறு: மிஞ்சிய 1,80,000 மட்டுமல்ல, கடனுக்குப் போனதும் சேர்த்துக் காப்பீட்டிலிருந்து கிடைத்த முழுத் தொகையும் அந்தச் சொத்துத் தொகுப்பின் (ஒரே வகை, ஒரே தேய்மான விகிதம் உள்ள தொழில் சொத்துகளின்) மீதி மதிப்பிலிருந்து கழிக்கப்படும், அந்த மதிப்பைத் தாண்டினால் தாண்டிய பகுதி குறுகிய கால மூலதன ஆதாயமாக வரிக்கு உட்படும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஆடிட்டரிடம் மிச்சத் தொகையை அல்ல, முழுத் தொகையைச் சொல்லுங்கள்.